மீன்கள் எப்போது உறங்கும்?

எங்கள் இல்லத்து வரவேற்பறைக்கு இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து சேர்ந்தபோது, அதன் விளக்கைப் பற்றி எங்களுக்கு இருந்தது ஒரே எண்ணம்தான்: அது நன்றாக எரிய வேண்டும். பன்னிரண்டு நியான் டெட்ரா மீன்களும் ஆறு வரிக்குதிரை மீன்களும் அந்த வெளிச்சத்தில் மின்னித் திரிந்தன. வந்த விருந்தினர் அனைவரும் முதலில் தொட்டியின் முன்பே நின்றனர். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து செல்லும் எங்கள் தந்தையாருக்கும் அந்த ஒளி வழித்துணையாயிற்று. ஆகவே விளக்கை அணைக்கும் பழக்கமே எங்களுக்கு ஏற்படவில்லை.

மூன்றாம் வாரத்தில் மாற்றம் தெரிந்தது. நியான் டெட்ராக்கள் தொட்டியின் நடுப்பகுதிக்கு வருவதை நிறுத்திவிட்டு, வடிகட்டியின் பின்புறத்து நிழலில் ஒன்றையொன்று நெருக்கியபடி நின்றன. அவற்றின் நீலக்கோடு மங்கியது. இரை தூவினால் ஓடிவருவதில்லை. கண்ணாடி முழுவதும் பச்சைப் பாசி படர்ந்தது. அடுத்த பத்து நாள்களில் ஐந்து மீன்கள் மாண்டன. கடைசி இரண்டின் உடலில் உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தன.

தண்ணீரை மாற்றினோம், மருந்து ஊற்றினோம். பயனில்லை. இறுதியில் ஒரு புட்டியில் தொட்டி நீரை எடுத்துக்கொண்டு, மீன்களை வாங்கிய கடைக்கே சென்றோம். கடைக்காரர் நீரைச் சோதித்துப் பார்த்தார்.

“தண்ணியில பெரிய குறை ஒண்ணும் இல்லைங்க. விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீங்க?”

“அணைப்பதில்லை” என்றோம்.

அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்போ மீனுங்க எப்போங்க தூங்கும்?”

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடையில்லை. பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, இல்லத்திலோ அலுவலகத்திலோ மீன் தொட்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

இமையில்லாத உயிர்

தேவர்கள் இமைப்பதில்லை என்பது நம் மரபு. மீன்களும் இமைப்பதில்லை, ஆனால் அதற்குக் காரணம் வேறு. நாம் தொட்டியில் வளர்க்கும் மீன்களுக்கு இமைகளே கிடையா. கண்ணை மூடி வெளிச்சத்தைத் தவிர்க்கும் வழி அவற்றுக்கு இல்லை. இமை மூடாததனால் மீன் உறங்குவதில்லை என்று எண்ணிவிடுதல் தவறு. இரவில் வரிக்குதிரை மீன் அசைவின்றி ஓரிடத்தில் நிற்கும். வால் சற்றே தாழ்ந்திருக்கும். சிறு அதிர்வுகளுக்கு அது எளிதில் துணுக்குறுவதில்லை. அதுவே அதன் உறக்கம்.

இந்த வரிக்குதிரை மீன் நம் நாட்டு மீன். கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளை ஒட்டிய ஆழமற்ற ஓடைகளிலும் வயல்வெளி நீரிலும் வாழ்வது. 1822-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர் கங்கை மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இதனை முதன்முதலாக விவரித்தார். இன்று உலகெங்கும் உயிரியல் ஆய்வகங்களில் இம்மீன் வளர்க்கப்படுகிறது. ஆதலால் வெளிச்சம் மீனை என்ன செய்கிறது என்பதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, நம் ஊர் ஓடையில் பிறந்த இச்சிறு மீனிடமிருந்தே கிடைத்தது.

தொடர்ந்து வெளிச்சத்தில் வைக்கப்பட்ட வரிக்குதிரை மீன்களின் உறக்கம் பெரிதும் குறைந்துபோவதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். களைப்பு மேலிட்டாலும் வெளிச்சம் அதன் உறக்கத்தை அடக்கிவிடுகிறது. எங்கள் தொட்டியில் நடந்ததும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தலையுச்சியில் ஒரு கண்

மீன் வெளிச்சத்தைக் கண்களால் மட்டும் உணர்வதில்லை. அதன் மூளையின் மேற்புறத்தில் பினியல் என்னும் சிறு உறுப்பு உள்ளது. மனிதருக்கும் அது உண்டு. ஆனால் நம்முடையது மூளையின் ஆழத்தில் புதைந்திருப்பது. மீனுடையதோ மெல்லிய மண்டையோட்டின் அடியில், மேலிருந்து விழும் ஒளியை நேரடியாக உணரும் நிலையில் அமைந்தது. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு வெகுகாலம் முன்பே, 1911-ஆம் ஆண்டில், பார்வையிழந்த சிறு மீன்களின் தலையுச்சியில் ஒளியைப் பாய்ச்சியும் மறைத்தும் பார்த்து, அவற்றின் தோல் நிறம் அதற்கேற்ப மாறுவதை எடுத்துக்காட்டினார்.

இந்தப் பினியல் உறுப்பே இருள் வந்ததும் மெலடோனின் என்னும் சுரப்பைக் குருதியில் கலக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடலின் மற்ற உறுப்புகளுக்கெல்லாம் தெரிவிப்பது அதுவே. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. ஐரோப்பிய ஏரிகளில் வாழும் பெர்ச் மீன்களை இரவில் செயற்கை ஒளியில் வைத்து நடத்திய ஓர் ஆய்வில், வெறும் 1 லக்ஸ் அளவு வெளிச்சமே மெலடோனின் சுரப்பைக் குறைத்துவிட்டது. முழுநிலவின் ஒளி அதிலும் குறைவானது. நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். ஆக, நமக்கு மங்கலாகத் தோன்றும் இரவு விளக்கும் மீனுக்குப் பகலின் நீட்சியாகிவிடக்கூடும்.

வரிக்குதிரை மீனில் இன்னும் ஒரு வியப்பு உண்டு. அதன் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தனியே எடுத்து ஆய்வகத்தில் வைத்தபோதும், அவற்றிலுள்ள செல்கள் ஒளியை நேரடியாக உணர்ந்து தம் நாள்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. விளக்கின் சுவிட்சு நம் கையில் இருக்கிறது என்றால், அம்மீனின் உடல் முழுவதிலும் ஓடும் கடிகாரமும் நம் கையில் இருக்கிறது என்றே பொருள்.

திடீர் வெளிச்சம்

இருட்டறையில் விளக்கைப் போட்டதும் நம் கண்மணி உடனே சுருங்கி ஒளியைக் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான தொட்டி மீன்களுக்கு அவ்வாறு சுருங்கும் கண்மணி இல்லை. அதற்கு மாறாக அவற்றின் விழித்திரையில் வேறோர் ஏற்பாடு உண்டு. பகல் பார்வைக்கான கூம்புச் செல்களும், இரவுப் பார்வைக்கான குச்சிச் செல்களும், அவற்றை மறைக்கும் கருநிறமிகளும் தத்தம் இடங்களிலிருந்து முன்னும் பின்னுமாக நகர்கின்றன. இந்த இடமாற்றம் நொடிப்பொழுதில் நிகழ்வதன்று. பல நிமிடங்கள் பிடிக்கும். விடியலும் அந்தியும் மெல்ல மெல்ல வருவதால் இயற்கையில் இதனால் தொல்லை ஏதுமில்லை.

நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் தொட்டி விளக்கைச் சட்டென்று போடும்போதுதான் தொல்லை. மீன்கள் கண்ணாடியில் மோதுவதும், மூடியில்லாத தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழுவதும் பெரும்பாலும் அத்தகைய வேளைகளிலேயே. எனவே காலையில் முதலில் சன்னல் திரையை விலக்குவதோ அறை விளக்கைப் போடுவதோ நன்று. அரை மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கை ஏற்றலாம். இரவில் முதலில் தொட்டி விளக்கையும் பின்னர் அறை விளக்கையும் அணைக்க வேண்டும். வரிசை அவ்வளவே, செலவு ஏதுமில்லை.

பிறந்த நீருக்கேற்ற ஒளி

எவ்வளவு வெளிச்சம் தேவை என்பது அந்த மீனின் முன்னோர் வாழ்ந்த நீர்நிலையைப் பொறுத்தது. நியான் டெட்ரா தென் அமெரிக்காவின் அமேசான் காட்டோடைகளுக்கு உரியது. அடர்ந்த மரக்கிளைகளின் கீழ், சருகுகள் ஊறிய நீரில் வாழ்வது. வெண்மணல் பரப்பிய தொட்டியில் பளீரென்ற விளக்கின் கீழ் அதனை விட்டால், எதிரியின் கண்ணில் பட்டுவிட்டதாகவே அது உணர்ந்து மூலையில் ஒடுங்கும். டிஸ்கஸ் மீனும் மங்கிய ஒளியையே விரும்புவது. கெளுத்தி இனங்களும், கண்ணாடியைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டும் சக்கர் மீனும் இரவில் இயங்குபவை. அவற்றுக்குப் பகலில் ஒளிந்துகொள்ள ஒரு குழாயோ உடைந்த மண்சட்டியோ வேண்டும். இரையையும் விளக்கணைத்த பின்பே இட வேண்டும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மீனாகிய டெனிசன் பார்ப், அலங்கார மீன் வணிகத்தில் ‘மிஸ் கேரளா’ என்று பெயர் பெற்றது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை 1865-இல் பிரான்சிஸ் டே இதற்குச் சூட்டினார். பாறைகளும் மரநிழலும் கொண்ட மலையோடைகளில் கூட்டமாகத் திரியும் இம்மீனுக்கு, ஒரு பகுதி வெளிச்சமும் ஒரு பகுதி நிழலுமாக அமைந்த தொட்டியே உகந்தது.

நிழல் தருவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மேற்பரப்பில் மிதக்கும் சில நீர்ச்செடிகள், ஒரு வேர்த்துண்டு, கருநிற மணல், பின்கண்ணாடியில் ஒட்டிய கருந்தாள் ஆகியவை போதும். வெளிறிய அடித்தளத்தின் மேல் பல மீன்கள் தம் நிறத்தையும் வெளிறச் செய்துகொள்ளும்; கருமையான அடித்தளத்தின் மேல் அவற்றின் நிறம் செறிவுறும். மீன் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நாங்கள் வெண்மணல் வாங்கியது எங்களுக்கு எதிராகவே முடிந்தது.

நியான் டெட்ராவின் நீலக்கோடு இருளில் மங்குவது இயல்பே. இரவு முடிந்து விளக்கேற்றிய உடனே அதன் நிறம் வெளிறியிருந்தால் அஞ்ச வேண்டாம். சிறிது நேரத்தில் திரும்பிவிடும். நாள் முழுவதும் மங்கியே இருந்தால்தான் கவலைக்குரியது.

வண்ண விளக்குகள்

சிவப்பு, நீலம், ஊதா என்று நிறம் மாறி மாறி ஒளிரும் விளக்குகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவை நம் கண்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. தங்கமீனுக்கும் வரிக்குதிரை மீனுக்கும் நால்வகை. நான்காவது வகை, நம்மால் காண இயலாத புற ஊதா ஒளியையும் உணர்வது. ஆகவே நாம் காணும் தொட்டியும் மீன் காணும் தொட்டியும் ஒன்றல்ல. நொடிக்கு நொடி நிறம் மாறும் விளக்கு இயற்கை நீர்நிலை எதிலும் இல்லாதது. விருந்தினர் வந்த வேளையில் சிறிது நேரம் காட்டலாமே தவிர, அன்றாட விளக்காக அதனைக் கொள்ளுதல் ஆகாது. வெண்ணிற எல்.இ.டி. விளக்கே பொதுவான தொட்டிகளுக்குப் போதுமானது. பழைய குண்டு விளக்கைப்போல் அது நீரைச் சூடாக்குவதும் இல்லை.

மீனின் சிவப்பையும் மஞ்சளையும் விளக்கால் பெருக்கிவிட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்நிறங்களுக்கு அடிப்படையான கரோட்டினாய்டு என்னும் நிறமிகளை மீனின் உடல் தானே உருவாக்குவதில்லை. அவை இரையின் வழியாகவே கிடைக்க வேண்டும். ஸ்பைருலினா கலந்த தரமான தீவனம், இளஞ்சிவப்பு விளக்கைவிடப் பயன் தரும்.

இருள் பொரிக்கும் முட்டை

மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது நம் முன்னோரின் நம்பிக்கை. மதுரையில் மீனாட்சி என்னும் திருப்பெயருக்கும் அந்த விளக்கத்தைச் சொல்வர். கடல்சாமந்தியின் நடுவே வாழும் கோமாளி மீனைப் பார்ப்பவருக்கு அந்த நம்பிக்கை எப்படித் தோன்றியது என்பது விளங்கும். ஆண் மீன் முட்டைகளின் அருகிலேயே இருந்து, துடுப்பால் விசிறி, இரவும் பகலும் காவல் காக்கும். முட்டைகள் பொரிவதோ, அந்தி மறைந்து இருள் சூழ்ந்த பின்னரே.

2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கோமாளி மீன் இணைகள் சிலவற்றின் தொட்டிகளில் இரவிலும் செயற்கை ஒளி விடப்பட்டது. அவை வழக்கம்போல் முட்டையிட்டன. முட்டைகள் கருவுறுவதிலும் குறையில்லை. ஆண் மீனும் காவலிருந்தது. ஆனால் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. பார்வை இருந்தது, இருள் இல்லை.

இனப்பெருக்கத்தில் ஒளிக்கு உள்ள பங்கு பலவகையானது. வரிக்குதிரை மீன் விடியல் வெளிச்சம் கண்டதும் முட்டையிடும். அதனால் ஆய்வகங்களில் 14 மணி நேரம் ஒளி, 10 மணி நேரம் இருள் என்று முறைவைத்து அதனை வளர்க்கின்றனர். நார்வே நாட்டு சால்மன் பண்ணைகளில், மீன்கள் உரிய எடை பெறுமுன் இனப்பெருக்கப் பருவம் எய்துவதைத் தடுக்கக் குளிர்காலத்தில் தொடர் விளக்குகளைப் பயன்படுத்துகின்றனர். நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.ஐ.சுந்தரராஜ், தேளி மீனின் சினைப்பை வளர்ச்சியில் பகல் நீளத்திற்கும் வெப்பநிலைக்கும் உள்ள பங்கை விரிவாக ஆராய்ந்தவர். ஒளி என்பது மீனுக்குக் காட்சி மட்டுமன்று, நாட்காட்டியும் ஆகும் என்பதே இவை அனைத்தும் உணர்த்துவது.

அலங்கார மீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இது வருவாயுடன் தொடர்புடைய செய்தி. சென்னைக் கொளத்தூரிலும் கொல்கத்தாவைச் சுற்றிய ஊர்களிலும் எத்தனையோ குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன. 2020-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் பின்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுகளும் இடம்பெற்றன. பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. கிசான் கடன் அட்டை வசதி 2018–19 நிதிநிலை அறிக்கை வாயிலாக மீன் வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நடப்பு விதிமுறைகளை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் வங்கிக் கிளையிலும் கேட்டறியலாம். கடன் பெற்று அலகு அமைப்போர், காவலுக்கென இரவெல்லாம் எரியும் விளக்கு முட்டைத் தொட்டிகளின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்வது நன்று.

பாசியும் உயிர்வளியும்

தேவைக்கு மிஞ்சிய ஒளியின் முதல் அடையாளம் பாசி. சன்னலோரத்தில் வெயில் படும்படி வைத்த தொட்டி ஒரு சில வாரங்களில் பச்சை நீராக மாறிவிடும், நீரும் சூடேறும். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் உயிர்வளியின் அளவு குறையும்.

செடிகளும் பாசியும் பகலில் ஒளிச்சேர்க்கையால் உயிர்வளியை வெளியிடுகின்றன. இரவில் மீன்களைப் போலவே அவையும் அதனை உட்கொள்கின்றன. ஆகவே பாசி மண்டிய தொட்டியில் விடியற்காலை வேளையில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். மீன்கள் அப்போது நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுவே காரணமாக இருக்கக்கூடும். இதற்குத் தீர்வு இரவிலும் விளக்கை எரிய விடுவதன்று; இரவில் காற்று பம்பை நிறுத்தாமல் ஓட விடுவதும், ஒளி நேரத்தைக் குறைத்துப் பாசியைக் கட்டுப்படுத்துவதுமே.

இல்லத்தில் கடைப்பிடிக்கத் தக்கவை

நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர விளக்கொளி பொதுவான தொட்டிக்குப் போதும். செடிகள் இல்லாத தொட்டியாயின், பகலில் அறையில் பரவும் வெளிச்சமே மீன்களுக்குப் போதுமானது. விளக்கு நாம் கண்டு மகிழ்வதற்கே. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி ஒரே நேரத்தில் அணைப்பது மிக முக்கியம். மறதியுள்ளவர்கள் சுவர்ச் செருகியில் பொருத்தும் டைமர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். வெளியூர் செல்லும் நாள்களிலும் அது முறை தவறாது.

புதிய மீன்களைத் தொட்டியில் விடும் நாளன்று விளக்கை அணைத்தே வைக்க வேண்டும். நோயுற்ற மீன் இருந்தாலும் ஒளியைக் குறைப்பது அதற்கு அமைதி தரும். தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே தொட்டியை வைத்திருப்பவர்கள், இரவில் அதன் மேல் ஒரு துணியைக் காற்றோட்டம் தடைபடாமல் போர்த்தலாம்.

மின்கட்டணத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 வாட் விளக்கு நாள் முழுவதும் எரிந்தால் 30 நாள்களுக்கு 14.4 யூனிட் செலவாகும். 9 மணி நேரம் மட்டும் எரிந்தால் 5.4 யூனிட். மாதந்தோறும் 9 யூனிட் மிச்சம். பெரிய தொகையன்று, ஆனால் டைமருக்கான செலவை அது மெல்ல மெல்லத் திருப்பித் தந்துவிடும்.

எங்கள் தொட்டி

எங்கள் மீன்கள் மாண்டதற்கு விளக்கு ஒன்றே காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. வெண்புள்ளி நோய் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. கடையிலிருந்து வந்த மீனோடு அதுவும் வந்திருக்கலாம். ஆயினும் உறக்கமின்றி, ஒளிந்துகொள்ள இடமின்றி நின்ற மீன்கள் அதனை எதிர்த்து நிற்கும் வலுவை இழந்திருந்தன என்றே எண்ணுகிறோம்.

கடையிலிருந்து திரும்பிய அன்றிரவு விளக்கை அணைக்க நாங்கள் தயங்கியது மீன்களுக்காக அன்று, தந்தையாருக்காக. அவரிடம் சொன்னபோது, “இத்தனை நாளும் என் பொருட்டா அது எரிந்தது?” என்று கேட்டார். அதன் பின் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவருடைய அறையிலிருந்து குளியலறை வரையிலான நடைவழியில், தரையையொட்டி, அரை வாட் இரவு விளக்குகள் இரண்டைப் பொருத்தினோம். அவற்றின் ஒளி தொட்டியை எட்டாது.

வெண்மணலை மாற்றிக் கருமணல் இட்டோம். மிதக்கும் செடிகளை விட்டோம். எஞ்சிய ஏழு நியான் டெட்ராக்களும் நடுத்தொட்டிக்கு வர இரண்டு வாரங்கள் ஆயின. இப்போது டைமர் காலை 10 மணிக்கு விளக்கை ஏற்றி இரவு 7 மணிக்கு அணைக்கிறது. அணைந்த பின்னும் தந்தையார் சிறிது நேரம் தொட்டியின் முன்னே அமர்ந்திருப்பார். மீன்கள் ஒவ்வொன்றாக அசைவடங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, “உறங்கிவிட்டன” என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் தம் அறைக்குச் செல்வார்.